58,000 ரூபாய் சத்தம்

ஜவுளிக் கடையில் புடவை எடுக்கப் போகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். முதல் பத்துப் புடவை விரியும்வரை முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். நாற்பதாவது விரியும்போது, வந்தது கல்யாணத்துக்கா சீமந்தத்துக்கா என்பதே மறந்து போயிருக்கும். கம்ப்யூட்டரில் இசை பண்ணுகிற பையன்களின் நிலைமையும் இன்றைக்கு இதேதான். என்ன, இந்தக் கடைக்கு ஷட்டர் கிடையாது. ராத்திரி 2 மணிக்கும் திறந்திருக்கும்!

சரக்கின் பெயர் சாஃப்ட்வேர் சிந்தஸைசர். பயப்படாதீர்கள். லைட் மியூசிக் கச்சேரியில் கீபோர்டு வாசிப்பவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெட்டிக்குள் நடக்கும் மின்சார சமாசாரத்தை அப்படியே கணக்காக மாற்றி, கம்ப்யூட்டருக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். பெட்டி போச்சு, சத்தம் மட்டும் மிச்சம். 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 'வி.எஸ்.டி.' என்று ஒரு பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் ஒலிக் கருவிகள் எழுதி, இசை சாஃப்ட்வேருக்குள் சொருகலாம். 1999-இல் வாத்தியங்களையே சொருகலாம் என்று ஆயிற்று. அன்றைக்குத் திறந்த மடை... இன்றைக்கு எத்தனை சிந்தஸைசர் இருக்கிறது என்று எண்ண உட்கார்ந்தால், எண்ணி முடிப்பதற்குள் இன்னும் நாலு வந்திருக்கும்.

இதில் எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன். (செக் எப்போது வரும் என்பது, வானிலை அறிக்கை மாதிரி. 'வர வாய்ப்பு உண்டு.') எட்டு வருஷமாக ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எலெக்ட்ரோ இசை பண்ணிக்கொண்டிருக்கிறேன். குடிப்பதற்கு இது தேவலை என்கிற பிரிவின் கீழ் என் மனைவி இதை அனுமதித்திருக்கிறாள்.

இப்படிப்பட்ட ஆளிடம்தான் போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா பையன் ஒரு லிஸ்ட்டை நீட்டினான்.

பையனுக்கு 24 வயசு. அவனும் பி.காம். தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை, சைதாப்பேட்டையில் ரூம், ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் சாப்பாடு. லிஸ்ட்டில் ஐந்து ஐட்டம். ஸீரம், டீவா, ஒரு எஃப்.எம். சிந்தஸைசர், ஒரு டிரம் மெஷின், பழைய ஜூனோ கீபோர்டின் நகல் ஒன்று. டாலரை ரூபாயாக்கி, கார்டு கமிஷன் வரைக்கும் போட்டு, அடியில் இரட்டைக் கோடு இழுத்திருந்தான். 58,000. ஆடிட்டர் ஆபீஸ் பையன் இல்லையா!

"கையில 26 ஆயிரம் இருக்கு மாமா. மீதியைக் கார்டுல இ.எம்.ஐ. போட்டுக்கலாம்."

"26 ஆயிரம் ஏதுடா?"

"பதினாலு மாசமா சேர்த்தது."

"எதுக்குச் சேர்த்தே?"

பையன் சாம்பாரில் கத்திரிக்காயைத் தேட ஆரம்பித்தான்.

எனக்குத் தெரியும். சி.எம்.ஏ. இன்டர் கோச்சிங் ஃபீஸ். திண்டுக்கல்லில் அக்கா தையல் மெஷின் வைத்துதான் அவனை ஆளாக்கினாள். மாமா தவறி ஒன்பது வருஷம் ஆகிறது. போன வாரம்தான் போனில், "தம்பி, ஃபீஸுக்கு அவனே சேர்த்துட்டான்டா. என்கிட்ட ஒரு பைசா கேக்கல" என்று சந்தோஷப்பட்டிருந்தாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னா கேக்கும்" என்றான்.

*

'அதெல்லாம் வேண்டாம், படிக்கிற வழியைப் பார்' என்று சொல்வது சுலபம். தலைமுறை தலைமுறையாக மாமாக்கள் செய்துவரும் உத்தியோகம் அது. ஆனால், பையன் செல்போனில் எட்டு பார் பேஸ் லைன் ஒன்று போட்டுக் காட்டினான். நன்றாக இருந்தது. சும்மா சொல்லவில்லை, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அப்படி வாசிக்கிறவனைப் பார்த்து 'மூடி வை' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அக்காவின் சந்தோஷத்தை இ.எம்.ஐ.யில் அடகு வைக்கவும் மனசு வரவில்லை.

"ரெண்டு விஷயம் மட்டும் நான் பண்ண மாட்டேன். லோனுக்குக் கையெழுத்து, அம்மாகிட்ட தூது. மத்தபடி இந்த லிஸ்ட்டை ஆடிட் பண்ணிடலாம். வவுச்சர் இல்லாம பில் பாஸ் ஆகாது" என்றேன்.

"அப்ப ரூம்மேட் பென் டிரைவ் வெச்சிருக்கான் மாமா. அஞ்சும் அதுல இருக்கு. 'கிராக்' பண்ணினது. பைசா செலவில்லை."

"உன் லேப்டாப்புல க்ளையன்ட்டோட ஜி.எஸ்.டி. ஃபைல் இருக்கா?"

"இருக்கு."

"அந்த பென் டிரைவைச் சொருகினா அந்த ஃபைலை இன்னும் யார் யார் பார்ப்பாங்கன்னு உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுச் சொல்லு."

பென் டிரைவ் பேச்சு அத்தோடு முடிந்தது.

முதலில், எலெக்ட்ரோ என்றால் என்ன? டிஸ்கோ மாதிரி 'தம் தம் தம் தம்' என்று நேராக ஓடாது. நொண்டி நொண்டித் துள்ளும். நிமிடத்துக்கு 120-லிருந்து 135 தட்டு. மேலே ரோபோ பேசுகிற மாதிரிக் குரல். 1982-இல் நியூயார்க்கில் ஆப்ரிக்கா பம்பாட்டா குழு வெளியிட்ட 'பிளானெட் ராக்' என்ற பாட்டு இதற்குப் பிள்ளையார் சுழி. அதன் மெட்டுக்கு ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுதான் ஆதாரம். தாளத்துக்கு ரோலண்ட் டி.ஆர்.808 என்ற ஜப்பான் டிரம் மெஷின். அடுத்த வருஷமே டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ் இருந்த சைபோட்ரான் 'கிளியர்' என்ற பாட்டோடு வந்துவிட்டது.

பையனுக்கு நான் சொன்ன கதை அந்த 808 பற்றி. 1980-இல் வந்தது, 1983-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். செய்தது மொத்தமே சுமார் 12,000. 'அசல் டிரம் மாதிரியே இல்லை' என்று அப்போது குறை சொன்னார்கள். பிளானெட் ராக் பண்ணினவர்களிடம் சொந்தமாக 808 கிடையாது! டிரம் மெஷினோடு வாசிக்க வருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருந்த ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தினதாகத் தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

இதே கதைதான் அதன் தம்பி டி.பி.303-க்கும். கிடார் வாசிக்கிறவர்களுக்குத் துணையாக பேஸ் வாசிக்கட்டும் என்று 1981-இல் வந்தது. விற்கவில்லை, 1984-இல் நிறுத்திவிட்டார்கள். அடிமாட்டு விலைக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கின சிகாகோ பையன்கள் 1987-இல் அதை வைத்து 'ஆசிட் ட்ராக்ஸ்' என்று புது இசையே உண்டாக்கினார்கள். அவர்களுக்கும் முன்னாலேயே நம் பம்பாயில் ஒருத்தர், இந்தி சினிமா ஸ்டூடியோக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-இல் 808, 303 இரண்டையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ரெக்கார்டு பண்ணினார். அப்போது கேட்க ஆளில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

"அதனால?" என்றான் பையன்.

"கிடைச்சதை வெச்சுப் பண்ணினாங்க. உனக்கு என்ன கிடைக்குதுன்னு முதல்ல பார்ப்போம்."

*

ஆபீஸில் ஆள் எடுக்கும்போது என்ன செய்வார்கள்? முதலில் எத்தனை போஸ்ட் காலி என்று பார்ப்பார்கள். ஒருத்தர் நல்ல பெர்சனாலிட்டியாக இருக்கிறாரே என்று சேர்த்துக்கொண்டு, அப்புறம் வேலை தேட மாட்டார்கள். (சில ஆபீஸ்கள் விதிவிலக்கு. உங்களுக்கே தெரியும்.) எலெக்ட்ரோ பாட்டு ஒன்றுக்கு ஐந்து போஸ்ட். தாளம், பேஸ், பின்னால் போர்வை மாதிரி விரிகிற 'பேட்', முன்னால் கீச்சிடும் 'லீட்', ரோபோ குரல். இந்த ஐந்துக்கும் ஆள் கிடைத்துவிட்டால் கம்பெனி திறந்துவிடலாம்.

ஆட்களில் மூன்று ஜாதி... மன்னிக்கவும், மூன்று ரகம்.

முதல் ரகம், கழித்தல். கரடுமுரடான ஒரு அலையை உண்டாக்கி, ஃபில்டரால் வேண்டாத உயர் ஸ்வரங்களை வடிகட்டுவது. காபி ஃபில்டரேதான். டிகாஷன் கெட்டியா தண்ணியா என்பது ஓட்டையின் அளவைப் பொறுத்தது. 1982-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-60 இந்த ரகம். பேட் போஸ்ட்டுக்கு என்றே பிறந்தது.

இரண்டாவது, எஃப்.எம். ஒரு அலை இன்னொரு அலையைப் பிடித்து வேகமாக உலுக்குவது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியின் ஜான் சௌனிங் 1967-இல் கண்டுபிடித்தார். யமஹா லைசென்ஸ் வாங்கி, 1983-இல் டி.எக்ஸ்.7 என்று விற்றது. அப்போது விலை 1,995 டாலர். ஆறு அலைகள், அவற்றைக் கோர்க்க 32 விதம். மணிச் சத்தம், உலோகச் சத்தம், 'டொங்' என்று நெஞ்சில் இடிக்கிற பேஸ் எல்லாம் இதில் பிரமாதமாக வரும்.

மூன்றாவது, வேவ்டேபிள். சின்ன வயசில் நோட்டுப் புத்தக ஓரத்தில் பொம்மை வரைந்து, சர்ரென்று பக்கம் புரட்டி ஓட விட்டிருப்பீர்களே... அதுதான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு அலை. புரட்டப் புரட்டச் சத்தம் முகம் மாறும். ஜெர்மனியில் வுல்ஃப்காங் பாம் என்பவர் ஆரம்பித்து வைத்தது. 2014-இல் ஸ்டீவ் டூடாவின் ஸீரம் வந்தபிறகு ஊரெல்லாம் இதே பேச்சு. அதில் ஒரு டேபிளுக்கு 256 பக்கம் வரை வைக்கலாம். 2025-இல் ஸீரம் 2 வந்தபோது, பழைய ஸீரம் வைத்திருந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்தார்கள். மேல் உலகத்தில் இப்படியும் நடக்கிறது!

மூன்று ரகத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டு. என்வலப். அதற்கு நாலு கட்டம். சத்தம் எழுவது, சற்று இறங்குவது, நிற்பது, கை எடுத்தபின் மறைவது. ஆபீஸ்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 9:30-க்கு அரக்கப் பரக்க உள்ளே நுழைவது, 11 மணிக்குச் சுறுசுறுப்பு இறங்குவது, 6 மணிவரை அதே நிலையில் ஓட்டுவது, 6:01-க்கு மறைவது. இந்த நாலு குமிழைத் திருகத் தெரிந்தால் பாதி சிந்தஸைசர் தெரிந்த மாதிரி. இந்த நாலாவது கட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

*

இனி விலை. இங்கேதான் பையனுக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஐந்து போஸ்ட்டுக்கும் சம்பளமே வாங்காத ஆட்கள், முறைப்படி, லைசென்ஸோடு இருக்கிறார்கள்.

எஃப்.எம்.முக்கு டெக்ஸ்டு. இலவசம். டி.எக்ஸ்.7-ஐ அச்சாகப் பின்பற்றுவது. அந்தக் காலத்து டி.எக்ஸ்.7 கார்ட்ரிட்ஜ் சத்தங்களையே உள்ளே ஏற்றலாம். வேவ்டேபிளுக்கு வைட்டல். மேட் டைடெல் என்பவர் 2020-இல் வெளியிட்டது. காசு கொடுத்தால் ரெடிமேட் சத்தங்கள் கூடுதலாகக் கிடைக்கும், இயந்திரம் இலவசப் பதிப்பிலும் அதேதான். கழித்தலுக்கு சர்ஜ் எக்ஸ்.டி. ஒரு காலத்தில் விலைக்கு விற்றது. 2018-இல் அதை எழுதினவர் மூலத்தையே பொதுவில் திறந்துவிட்டார். இன்றைக்கு ஊர் கூடித் தேர் இழுக்கிறார்கள். ரோபோ குரலுக்கு டால் வோகோடர், அதுவும் இலவசம். (வோகோடர் 1930-களில் அமெரிக்க பெல் லேபில் டெலிபோனுக்காகப் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ரகசியப் பேச்சை மறைக்க உழைத்துவிட்டு, ரிட்டயரான பின் பாட வந்தது!)

தாளம்? 808-இன் சத்தங்கள் ரொம்ப எளிமையானவை. அதன் பேஸ் டிரம், மெல்ல மறையும் ஒரு வழவழ அலை, அவ்வளவுதான். அந்தப் பிரசித்தி பெற்ற 'டிங்' கௌபெல், 540, 800 என்று இரண்டு சுருதியில் இரண்டு சதுர அலைகள். பையன் அன்று சாயங்காலமே சர்ஜில் அதைச் செய்துவிட்டான். கேட்டதும் எங்கள் வீட்டுப் பெரியவள், "ஐஸ்காரரா?" என்று வாசலுக்கு ஓடினாள்.

"எல்லாம் சரி மாமா. ஆனா ஓசி சத்தத்துக்கும் காசு சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்குமில்ல?"

நியாயமான கேள்வி. பரீட்சை வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு. விலை உள்ளது இரண்டு, இலவசம் இரண்டு. விலை உள்ளதற்கு டெமோ. டீவா மாதிரியானவற்றின் டெமோ முழுசாக வேலை செய்யும், கொஞ்ச நேரம் கழித்து நடுவில் கரகரக்கும், அவ்வளவுதான். அவனுடைய அதே எட்டு பார் பேஸ் லைனை நாலிலும் வாசிக்க வைத்தேன். அதே ஸ்வரம், அதே அலை, ஃபில்டர் அதே இடத்தில். முக்கியமாக, நாலையும் மீட்டர் பார்த்து ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்தேன். இதைச் செய்யாத பரீட்சை செல்லாது. ஏனென்றால் மனுஷக் காதுக்கு எது உரக்கக் கேட்கிறதோ அதுவே உயர்வாகத் தெரியும். (மேடைப் பேச்சாளர்களுக்கு இது தெரியும்.) பேரைச் சொல்லாமல், 1, 2, 3, 4 என்று மட்டும் சொல்லிப் போட்டேன்.

பையன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, மார்க் போட்டான். முதல் ராங்க் வாங்கியது சர்ஜ். விலை உயர்ந்தது எது என்று கேட்டதற்கு அவன் கை காட்டியது வைட்டலை!

அப்புறம் ஃபில்டரின் ரெஸனன்ஸை உச்சத்துக்கு ஏற்றி, குமிழை வேகமாகத் திருகி, இரண்டாவது சுற்று வைத்தேன். இந்தத் தடவை பையன் பளிச்சென்று, "மூணாவது டீவா" என்று சொல்லிவிட்டான். சரியான விடை. பெர்லின் யூ-ஹீ கம்பெனிக்காரர்கள் அந்த ஃபில்டருக்காகக் கம்ப்யூட்டரைக் கசக்கிப் பிழிந்து கணக்குப் போட வைக்கிறார்கள். அந்த உழைப்பு காதில் விழத்தான் செய்கிறது. ஆக, காசுக்குப் பெறுமானம் உண்டு. ஆனால் அது ஓரங்களில் இருக்கிறது. நீங்கள் அந்த ஓரத்துக்குப் போகிற ஆளா என்பதுதான் கேள்வி.

போகிற ஆள் என்றாலும் இன்னொரு தடை உண்டு. கம்ப்யூட்டர் நொடிக்கு 44,100 தடவை சத்தத்துக்குக் கணக்குப் போடுகிறது. 256, 256 ஆக மூட்டை கட்டி வெளியே அனுப்பினால், கீயை அழுத்தி சத்தம் வர சுமார் 6 மில்லி செகண்ட். விரலுக்குத் தெரியாது. மூட்டையை 1,024 ஆக்கினால் 23 மில்லி செகண்ட். வாசிக்கிறவனுக்குத் தன் கை தன் கையே இல்லை என்று தோன்ற ஆரம்பிக்கும். சின்ன மூட்டையில் கனமான சிந்தஸைசரைப் பழைய லேப்டாப்பில் ஓட விட்டால், கணக்கு முடிவதற்குள் மூட்டை கிளம்பிவிடும். 'பட பட' என்று வெடிக்கும். பையனின் ஆறு வருஷ லேப்டாப்பில் டீவாவின் உச்சத் தரத்தில் நாலு ஸ்வரம் சேர்த்து அழுத்தியதும், உள்ளே விசிறி கிரைண்டர் மாதிரி சுற்றியது. மெஷினுக்கு வயசாகிவிட்டால் யாரைக் குற்றம் சொல்ல?

*

இருந்தாலும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நம்ம ஆள்களுக்குத் தெரிந்த வழி பேரேடு. பையனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, 60 நாள் கணக்கு எழுதச் சொன்னேன். எந்தத் தேதி, எந்த சிந்தஸைசர் திறந்தாய், எத்தனை நிமிஷம், அந்தச் சத்தம் கடைசியில் பாட்டில் தங்கியதா. நாலே காலம்.

இந்த நிமிஷக் கணக்கு ரொம்ப முக்கியம். ஆபீஸ் முடிந்து, பஸ் பிடித்து, மெஸ்ஸில் சாப்பிட்டு அவன் உட்காரும்போது மணி 9:45. பதினொன்றரைக்கு ரூம்மேட் லைட்டை அணைத்துவிடுவான். கையில் இருப்பது ஒண்ணே முக்கால் மணி நேரம். பணத்தை இ.எம்.ஐ.யில் வாங்கலாம். இந்த ஒண்ணே முக்கால் மணியை எந்த பாங்க்கும் தவணையில் தராது. ஆயிரக்கணக்கில் ரெடிமேட் சத்தம் உள்ள சிந்தஸைசரைத் திறந்து, 'அடுத்தது, அடுத்தது' என்று தட்டிக்கொண்டே போனால் அதிலேயே 50 நிமிஷம் போய்விடும். பையனின் நோட்டில் முதல் வாரம் முழுக்க அதுதான் இருந்தது. 'தேடியது 50 நிமிஷம், தங்கியது இல்லை.' 'தேடியது 65, தங்கியது இல்லை.' அவன் கையெழுத்திலேயே அதைப் படித்த பிறகு, நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

60 நாளில் 41 ராத்திரி உட்கார்ந்திருந்தான். பாட்டில் தங்கியது 11 சத்தம். டெக்ஸ்டு 4, சர்ஜ் 3, ஜூனோ நகலின் டெமோ 3, வைட்டல் 1. டீவா பூஜ்யம். ஸீரம் செய்ய வேண்டிய வேலையை வைட்டல் செய்துவிட்டதால், அதைத் திறக்கவே இல்லை. இதை வைத்து ஸீரம், டீவா இரண்டும் மட்டம் என்று நான் சொன்னதாக எழுதிப் போடாதீர்கள். உறுமுகிற டப்ஸ்டெப் பண்ணுகிறவனின் நோட்டு வேறு மாதிரி இருக்கும். புத்தம் புதுக் கம்ப்யூட்டர் உள்ளவனின் நோட்டு இன்னொரு மாதிரி. அவனவன் நோட்டு அவனவனுக்கு.

பையனின் நோட்டு சொன்னது இதுதான். லிஸ்ட்டில் இருந்த ஐந்தில் அவனுக்கு நிஜமாகவே வேண்டியது ஒன்று. டால் கம்பெனியின் ஜூனோ நகல். விலை, வரியெல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய் அளவில்.

"அப்ப 19,500 ஃபீஸ் கட்டிட்டு, மீதி ஆறாயிரத்து ஐந்நூறுல இதை வாங்கிடலாம் மாமா."

"வாங்கலாம். எந்த கம்ப்யூட்டர்ல ஓடும், எத்தனை கம்ப்யூட்டர்ல போடலாம், மாசச் சந்தாவா, ஒரே தடவையா... எல்லாம் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். ஒரே தடவைதான். நவம்பர் கடைசி வரைக்கும் பொறுத்தா சில கம்பெனி ஆடித் தள்ளுபடி மாதிரி குறைப்பாங்களாம்."

"சரி. இன்னும் ஒரு வவுச்சர் பாக்கி."

பையனுக்குப் புரிந்தது. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான். இருபது நிமிஷம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இறங்கி வந்தபோது கண் கொஞ்சம் சிவந்திருந்தது. "ஃபீஸ் ரசீதை முதல்ல அனுப்பச் சொல்லிச்சு. அப்புறமா வாங்கிக்கச் சொல்லிச்சு" என்றான்.

*

பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் திண்டுக்கல் போயிருந்தோம். பையன் கோச்சிங் கிளாஸுக்கு நடுவே பாட்டை முடித்திருந்தான். மூணு நிமிஷம், நாற்பது செகண்ட். அக்கா ரவிக்கைக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தாள். "சத்தம் காட்டுறேன்னியே, எங்க?" என்று அவளேதான் கேட்டாள். ஹெட்போனை மாட்டிவிட்டான்.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால். அரை நிமிஷத்தில் தாளத்தைப் பிடித்துவிட்டது, அந்த நொண்டித் தாளத்தை. அதற்கு மாமாக்கள் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, "மெஷின் பெல்ட் நல்லா ஓடுற மாதிரி இருக்குடா" என்றாள். பிறகு, "நடுவுல ஒரு இடத்துல நூல் அறுந்து அறுந்து மாட்டுதே. அது வேணும்னே வெச்சதா?"

பையன் முழித்தான். ஓட விட்டுப் பார்த்தோம். இரண்டாவது நிமிஷத்துக்கு அப்பால், பேஸ் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் 'டிக்' என்று ஒரு சின்ன முள். என்வலப்பின் நாலாவது கட்டத்தைப் பூஜ்யத்தில் வைத்திருந்தான். அலை மேலே இருக்கும்போதே கத்திரித்துவிட்டால் அந்த முள் வரும். எந்த விலைக்கு எந்த சிந்தஸைசர் வாங்கியிருந்தாலும் வந்திருக்கும்.

பூஜ்யத்தை 15 மில்லி செகண்ட் ஆக்கினான். அக்கா மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்த இடம் வந்தபோது கையிலிருந்த ஊசியை அப்படியே நிறுத்திக் கேட்டாள்.

"இப்ப சரி" என்றாள். "பில்லு எவ்வளவுன்னு சொன்னே, ஐயாயிரமா?"

"ஆமாம்மா."

"ரசீது வெச்சிருக்கியா?"

பையன் சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து நீட்டினான். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.